மாமா தந்த தேங்காய்க் கேப்சூல்

செவ்வாய், இரவு

சிறுநீரகம் மாற்றிக்கொண்ட அப்பாவுக்கு, புதுச் சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்கிவிடாதபடி எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கத்தான் மருத்துவர் மாத்திரை கொடுக்கிறார். அந்தச் சக்தியைக் கூட்டுமென்று, தேங்காயிலிருந்து எடுத்த மோனோலாரின் கேப்சூலைப் பொள்ளாச்சி மாமா கொண்டுவந்து தந்திருக்கிறார். அப்பா அதைச் சில நாட்களாக விழுங்குகிறார். இரண்டும் மோதிக்கொள்ளும் என்று மருத்துவரின் மாத்திரையை நிறுத்தியும்விட்டார்! இன்று மாலைதான் எனக்குத் தெரிந்தது.

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதுங்களாப்பா?”

“உங்க மாமன் ஆசையாக் கொண்டாந்தாரு கண்ணு. வேண்டாம்னா மனசு நோகுமல்ல?”

மாமாவைப் போனில் பிடித்தேன். “தேங்காதான அம்மணி, ஊட்டுல சட்னி அரைக்கறதில்லையா?” என்று சிரித்தார்.

“சட்னி தின்னுபோட்டு யாரும் மாத்திரைய நிறுத்தறதில்லீங்க மாமா. அப்பாவக் கொன்னுபோடாதீங்க!” என்று கத்திவிட்டு வைத்தேன்.

அடுத்து மருத்துவரை அழைத்தேன்; நிறுத்திய மாத்திரையை உடனே கொடுக்கச் சொன்னார். காலையில் ரத்தப் பரிசோதனை.

அம்மா திட்டுவதோ என்னை. “தாய்மாமன்கிட்டப் பேசற பேச்சா அது? நாளைக்கே மன்னிப்புக் கேட்டுப்போடு.”

அப்பாவுக்குள் இருப்பது அம்மாவின் சிறுநீரகம். அதைக் கொடுக்கத் துணிந்தவளுக்கு, கேப்சூலோடு வந்த அண்ணனிடம் வேண்டாம் என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.