காலிக் கட்டம்

அன்புள்ள என்னங்க,

வீட்டில் கூப்பிடுகிறபடியே எழுதிவிட்டேன். பெயரை எழுதப் போனால் கை கூசுகிறது. நலம்தானே? நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? இடுப்பு வலிக்கென்று வாங்கிக் கொடுத்த தலையணையை முதுகுக்கு வைக்கிறீர்களா, இல்லை அது இருக்கைக்குப் பின்னால் கிடந்து தூங்குகிறதா?

இதையெல்லாம் போனில் கேட்கக் கூடாதா என்று நினைப்பீர்கள். போனில் நான் என்ன சொன்னாலும் ‘ம்’. அதற்கு மேல் பேசினால் ‘சரி, வச்சிடட்டா?’ உங்கள் ‘ம்’முக்கு அகராதி எங்கே விற்கிறார்கள் என்று தெரியவில்லை. நீங்கள் சரக்கு இறக்குகிற அதே குடோனுக்கு உங்கள் கூட்டாளி மீசைக்காரரும் லோடு எடுத்துப் போகிறார். அவர் கையில்தான் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். வண்டியைக் கிளப்புவதற்கு முன் படித்துவிடுங்கள்.

முதலில் அவசரமானது. நீங்கள் போன பிறகு ஆற்றுப் பாலத்தில் வேலை தொடங்கி, வழியை அடைத்துவிட்டார்கள். திரும்பி வரும்போது உங்கள் வழிகாட்டும் கருவி பெரிய சாலையை விட்டு இடது பக்கம் இறங்கச் சொல்லும். செங்கல் சூளையைத் தாண்டி, ரயில் பாதைக்கு அடியில் நுழைகிற வழி. அதில் போகாதீர்கள். வண்டி மேலே முட்டும்.

அந்தக் கருவிக்குள் இருக்கிற வரைபடம் எங்கள் அலுவலகத்தில் சுத்தம் செய்ததுதான். என்ன வேலை என்று நீங்கள் கேட்டதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். யார் வேண்டுமானாலும் வரையலாம், திருத்தலாம் என்று பொதுவில் ஒரு வரைபடம் கிடக்கிறது. அதை எடுத்து, லாரிக்கு வழி சொல்லத் தக்கதாக ஆக்க வேண்டும். பார்வைக்கு ஒட்டியிருக்கிற இரண்டு சாலைகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். கருவி அதை முட்டுச்சந்து என்று நினைத்து ஊரையே சுற்ற வைக்கும். அதை ஒட்ட வேண்டும். ஒருவழிப் பாதையின் அம்புக்குறியை யாராவது தலைகீழாகப் போட்டிருப்பார்கள். திருப்ப வேண்டும். ஒரு புண்ணியவான் குளத்துக்கு நடுவிலேயே சாலை போட்டிருந்தான், அதை எடுக்க எனக்கே மனசு வரவில்லை.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற தப்பு. காலிக் கட்டம்தான் வம்பு. பாலத்துக்கு அடியில் எவ்வளவு உயர வண்டி போகலாம் என்று எழுத ஒரு கட்டம் உண்டு. பாதிக்கு மேல் காலியாகவே இருக்கும். எங்கள் டீம் லீடர், “காலியா இருந்தா தடை இல்லைன்னு எடுத்துக்குங்க, இல்லேன்னா ஒரு லாரியும் நகராது” என்றார். தடை இல்லாததால் காலியா, யாரும் அளக்காததால் காலியா என்று கேட்டேன். “அப்ப நீங்களே டேப்பை எடுத்துட்டுப் போய் அளந்துட்டு வாங்க” என்று சிரித்தார். அந்த வரைபடம் உங்கள் கம்பெனிக்கும் போய்விட்டது.

பாலத்தை அடைத்த செய்தி கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உங்கள் வழியைத் திரையில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. கடைசியில் லீவு போட்டு, பஸ் ஏறிப் போய் அளந்தே விட்டேன். கூட வந்தது யார் தெரியுமா? என் அப்பா. வேண்டாம் வேண்டாம் என்றாலும் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றுவிட்டார். துணி உலர்த்துகிற கம்பை அவர் தூக்கிப் பிடிக்க, நான் டேப்பை வைத்தேன். சாலை சரிந்து திரும்புகிற இடம். கிட்டே போகிறவரை பாலம் இருப்பதே தெரியாது. போர்டும் இல்லை. நீங்கள் தார்ப்பாய் கட்டினால் வண்டி அந்த உயரத்தைவிட ஒரு முழம் அதிகம்.

அப்பா கம்பை இறக்காமலே, “மாப்பிள்ளை வண்டி இதுல தப்பாதும்மா, எப்படியாவது சொல்லிடு” என்றார். பஸ்ஸில் திரும்பும்போது, “நான் வந்ததாலதான் அவர் தூர ஓட்டம் போறாரா?” என்று கேட்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தப் பாலத்தின் கட்டத்தை நிரப்பிவிட்டேன். ஆனால் சாலை அடைப்புச் செய்திதான் உங்கள் கருவிக்கு உடனே போகும், வரைபடத் திருத்தம் வந்து சேர அடுத்த மாதம் ஆகும். மற்ற காலிக் கட்டங்களில் ‘தெரியாது’ என்றாவது போடுவோம் என்று டீம் லீடரோடு மல்லுக்கு நிற்கிறேன். கம்பை எடுத்துப் போய் அவர் மேஜையில் சாத்தி வைத்தேன். இப்போது அவர் சிரிப்பதில்லை.

இனி அவசரமில்லாதது. இல்லை, இதுவும் அவசரம்தான். அப்பாவை நம்மோடு கூட்டி வரட்டுமா என்று நான் கேட்ட அன்று, நீங்கள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததால் தடையில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். அப்புறம் டீம் லீடரைத் திட்டி என்ன பயன்? அப்பா பெட்டியோடு வந்தார். நீங்கள் பக்கத்து ஊர் ஓட்டத்தை விட்டுவிட்டு, வாரக்கணக்கில் வீடு திரும்பாத ஓட்டத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது, உங்கள் மேலும் என் மேலும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குடியா முழுகிப் போயிருக்கும்?

நீங்கள் வருகிற அன்று அப்பா உங்கள் நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டு ஸ்டூலுக்கு மாறிவிடுகிறார். ரேடியோவையும் அணைத்துவிடுகிறார். அதை நீங்கள் கவனித்தீர்களா என்றுகூட எனக்குத் தெரியாது.

சூளைப் பக்கம் இறங்காமல் நேரே போய், அடுத்த பாலத்தில் ஆற்றைக் கடந்து வாருங்கள். சந்தேகமான இடத்தில் வண்டியை நிறுத்தி நாலு பேரைக் கேளுங்கள். நேரமானால் ஆகட்டும், நாங்கள் இருவரும் சாப்பிடாமல் காத்திருப்போம். பத்திரமாக வந்து சேருங்கள். வந்ததும் என்னிடம் ‘ம்’ மட்டும் சொல்லாதீர்கள். முட்டும் என்றால் முட்டும் என்று சொல்லுங்கள். சுற்றிப் போக எனக்குத் தெரியும்.

உங்கள்
‘ஏய், இங்க பாரு’