கதவில் ஒட்டிய தார்

என் வாலுப் பெண்ணுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், நீ விட்டுப்போன கார்தான் சில நாள் நலமில்லாமல் கிடந்து இப்போது தேறிவிட்டது. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, போனைத் தள்ளிவைத்துவிட்டுத் தூங்கி, நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், அந்த நம்பிக்கையைக் கெடுத்துவிடாதே. அப்பா இன்னும் வண்டி ஓட்டலாமா, பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் கவனி என்று போன மாதம் சொன்னாயே, அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. போனில் சொல்ல மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். கடிதத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

மார்க்கெட் ரோட்டில் ஓரமாகப் புதுத் தார் போட்டு, யாரும் ஏறாமல் இருக்க பிளாஸ்டிக் கூம்புகள் வைத்திருக்கிறார்கள். உன் அப்பா அந்தத் தார் மேலேயே ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். ஓரப்பக்கத்துக் கதவு இரண்டிலும் கறுப்புப் புள்ளி புள்ளியாகத் தார், அதன்மேல் புழுதி வேறு அப்பியிருந்தது. போதாததற்கு வண்டிக்கு அடியில் ஒரு கூம்பையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார், இது எப்படி இங்க வந்துதுன்னு என்னையே கேட்டார். காலமெல்லாம் பஸ் ஓட்டி ஒரு கீறல் விழாமல் ரிட்டையர் ஆனவர் கேட்கிற கேள்வியா இது?

மறுநாள் காலையில் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரோடு கிளம்பிவிட்டார். நான் ஓடிப்போய்ப் பிடுங்குவதற்குள் பின்கதவில் உள்ளங்கை அகலத்துக்குக் கீறல், நீ வந்தால் அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிடு. பிறகு என் வழிக்கு வந்தார். பாட்டிலில் ஒட்டின லேபிள் பசையை எண்ணெய் தடவித்தானே எடுக்கிறேன், தார் அதற்கு ஒன்றுவிட்ட தம்பிதான் என்றேன். வண்டியை நிழலில் நிறுத்தி, மணல் போகத் தண்ணீர் விட்டுக் கழுவி, அவருடைய பழைய பனியனைக் கிழித்து, சமையல் எண்ணெயில் நனைத்துப் புள்ளிகள்மேல் ஒற்றி ஊறவிட்டோம். அழுத்தித் தேய்க்கக் கூடாது, துணி கறுத்தால் வேறு துண்டு எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஊறின தார் வழுக்கிக்கொண்டு வந்தது, அப்புறம் பிசுக்குப் போக சோப்புத் தண்ணீர். நீ அங்கே எந்தத் தாரில் ஏறினாலும் இப்படியே செய்.

முன்கதவு எனக்கு, பின்கதவு அவருக்கு. எனக்கு முன்னாலேயே முடித்துவிட்டு, கண்ணாடி மாதிரி இருக்கு பாருன்னு மார்தட்டினார். போய்ப் பார்த்தால் பாதிப் புள்ளி அப்படியே இருக்கிறது. கிண்டல் செய்ய வாயெடுத்தேன், அவர் நிஜமாகவே நம்பித்தான் சொல்கிறார் என்று புரிந்தது. அவர் விரலைப் பிடித்து ஒரு புள்ளிமேல் வைத்தேன், அப்புறம் இன்னொன்றின் மேல். தடவிக்கொண்டே நின்றார். பிறகு படியில் உட்கார்ந்து, இதுவும் தெரியல, அந்தக் கூம்பும் தெரியல, கொஞ்ச நாளாவே எல்லாம் புகைக்குள்ள பாக்கற மாதிரிதான் இருக்கு என்றார். சாவியை என் மடியில் போட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு ஓட்டத் தெரியாது என்பது அப்புறம்தான் இரண்டு பேருக்கும் உறைத்தது.

தெருக்கோடியில் இருக்கிற கண் டாக்டர் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை, எடுத்துவிட்டால் நன்றாகத் தெரியும், அதுவரை ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். எண்ணெய் போட்டு ஊறவெச்சா வராதான்னு கேட்டு அவரையும் சிரிக்க வைத்தார் உன் அப்பா. ஆனால் ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கச் சொன்னால் மட்டும் மழுப்புகிறார், பயம்தான், வேறென்ன. ஆபரேஷன் செய்கிற ஆஸ்பத்திரிக்கு டாக்சியில் போகலாம் என்றால், முன்பின் தெரியாதவன் ஓட்டுற வண்டியில எப்படி உக்கார்றது என்கிறார், ஊரே அவரை நம்பி பஸ்ஸில் உட்கார்ந்ததெல்லாம் மறந்துபோச்சு. பின்னே யார்தான் ஓட்டுவதாம் என்று நேற்று கேட்டேன். அவ இருக்காளே, நான் கத்துக்குடுத்தவ, அவ ஓட்டினா வரேன் என்றார். நீ வருவதாக நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை கண்ணு.

கைகால் சுகத்தோடு, எடுத்ததெல்லாம் கைகூடி, நீ நீடூழி இரு. போனில் கண்ணைப் பற்றி மூச்சு விடாதே. லீவு கிடைக்கிற தேதியை மட்டும் சொல், டாக்டரிடம் அதே தேதியைக் கேட்டு வாங்கிவிடுகிறேன்.

உன்னை எதிர்பார்க்கும்,
அம்மா