நீல விளக்குச் சட்டம்

மாமா,

போன வெள்ளிக்கிழமை பரணிலிருந்து அந்த இரும்புச் சட்டத்தை இறக்கினேன். எட்டு நீல டியூப் மாட்டுகிற சட்டம். ஒயர் பிள்ளைமேல் படக்கூடாதென்று நீங்கள் செராமிக் பட்டறையிலிருந்து கொண்டுவந்து பொருத்திய வெள்ளைப் பீங்கான் கட்டைகள் அப்படியே இருக்கின்றன, ஒன்றுகூட விரிசல் விடவில்லை. மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் சூட்டில் தூசி கருகுகிற அந்த வாசனை இன்னும் வருகிறது. எனக்கு மட்டும்தான் வருகிறதோ என்னவோ.

ராகு காலம் கழித்து என் தம்பியும் அவன் மனைவியும் தட்டோடு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நம் பாப்பாவை அவர்கள் மகனுக்குக் கேட்க. முறைப் பையன், குணமான பையன், வேலையும் இருக்கிறது. வேண்டாமென்று சொல்ல ஊரில் யாருக்கும் காரணம் அகப்படாது. என்னிடம் ஒரு காரணம் இருந்தது, அதைச் சொல்லப் பக்கத்தில் நீங்கள் இல்லை. ஆகவே சட்டத்தைத் துடைத்துக் கூடத்தில், அவர்கள் உட்காரும் இடத்துக்கு எதிரே நிறுத்தி வைத்தேன்.

பாப்பா பிறந்தபோது வீடே கர்வப்பட்டது நினைவிருக்கிறதா? நீங்களும் நானும் கறுப்பு. "புள்ள தங்கமாட்டம் பொறந்திருக்குது" என்று என் அம்மா, அதுதான் உங்கள் அக்கா, தெருவெல்லாம் சொல்லி வந்தார். தினமும் கஸ்தூரி மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டி, கண் படாமலிருக்கக் கன்னத்தில் பெரிய மைப்பொட்டு வைத்தார். மஞ்சளுக்கு மேல் மஞ்சள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் நிறத்தைத்தான் பார்த்தார்களே தவிர கண்ணைப் பார்க்கவில்லை. நீங்கள்தான் ஒரு நாள் காலை வெளிச்சத்தில் வாசலுக்குத் தூக்கிப் போய், இமையை விலக்கிப் பார்த்துவிட்டு, "இது நெறமில்லடி. வேற என்னமோ இருக்குது" என்றீர்கள்.

அதற்கப்புறமும் நாங்கள் சும்மா இருக்கவில்லை. தாய்ப்பால் வழியாக மருந்து போகட்டுமென்று எனக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, உப்பில்லாப் பத்தியம் வைத்தார்கள். பத்தியத்தில் எனக்குப் பால் வற்றியது. வயிறு காய்ந்த பிள்ளைக்கு மஞ்சள் இன்னும் ஏறியது. கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். இந்த நோய்க்குப் பட்டினி ஆகவே ஆகாது என்று புதுச்சேரி டாக்டரம்மா சொன்னபோது அம்மா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார்.

ரத்தத்தில் பழைய அணுக்கள் உடையும்போது ஒரு மஞ்சள் கழிவு உண்டாகிறது. அதைக் கரைத்து வெளியே அனுப்பக் கல்லீரலில் ஒரு நொதி வேண்டும். பாப்பாவுக்கு அது அறவே இல்லை. கழிவு மூளையில் போய்த் தங்கினால் பிள்ளை நமக்குப் பிள்ளையாகக் கிடைக்காது. அந்த அம்மா இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார். ஒரு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், அதில் மஞ்சள் இறங்கினால் லேசான வகை என்றார்கள். இறங்கவில்லை. கிரிக்லர் நஜ்ஜார் என்ற அந்த நோயின் பேர் உங்கள் வாயில் கடைசிவரை நுழையவே இல்லை.

"நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்று கேட்டார். "எங்க அக்கா பொண்ணுங்க" என்றீர்கள். அந்த நொதியைச் செய்யச் சொல்லும் மரபணுக் குறிப்பு பழுதாக உங்களிடம் ஒன்று, என்னிடம் ஒன்று என்றார். தனித்தனியாக இருந்தவரை யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை. இரண்டும் பாப்பாவிடம் சேர்ந்துவிட்டன. ஒரே குடும்பத்தில் கொடுத்து எடுத்தால் அப்படிச் சேர வாய்ப்பு அதிகம் என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் உங்கள் பீங்கான் பொம்மைத் தொழிலிலேயே அதற்கு விடை கண்டுபிடித்தீர்கள். "பொம்மைக்கு அச்சு ரெண்டு பாதியா இருக்குதில்ல? ஒரு பாதியில கீறல் இருந்தா மறுபாதி சமாளிச்சிடும்னு வெச்சுக்க. ரெண்டுலயும் ஒரே எடத்துல கீறல் இருந்தா என்னா பண்ணும்?"

அப்புறம் எட்டு வருஷம் நம் வீடு நீல நிறத்தில் இருந்தது. துணியில்லாமல், கண்ணைக் கட்டி, ராத்திரி முழுக்க அந்த வெளிச்சத்தில் படுக்க வைப்போம். மஞ்சளை வெளிச்சம் உடைத்துக் கரைக்கும். நன்றாக எரிகிற டியூப்பை நீங்கள் கழற்றிப் புதிது மாட்டும்போதெல்லாம் நான் சண்டை போடுவேன், "எரியறத எதுக்கு மாத்துறீங்க, கொழுப்பா?" என்று. "ஒன் கண்ணுக்கு எரியுது. புள்ளைக்கு எரியல" என்பீர்கள். வெளிச்சம் குறையாமலே வீரியம் குறையும் என்று டாக்டரம்மா சொன்னதை நீங்கள் மட்டும் மறக்கவில்லை.

புயலில் கம்பமெல்லாம் சாய்ந்து ஊரே இருண்டபோது, சட்டத்தை மினிவேனில் ஏற்றி மங்கலம்பேட்டைக்குக் கொண்டுபோனீர்கள். சவுதியிலிருந்து விடுப்பில் வந்திருந்த உங்கள் சிநேகிதர் பாய் வீட்டில் ஜெனரேட்டர் இருந்தது. கரண்டு வரும்வரை அவர்கள் வீட்டுக் கூடம்தான் பாப்பாவுக்கு ஆஸ்பத்திரி. என் தம்பிக்கும் அப்போது வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தது. விழுந்த மரத்தையெல்லாம் தாண்டி டீசல் கேன் தூக்கி வந்தவன் அவன்தான்.

பிள்ளை வளர வளரத் தோல் தடித்து வெளிச்சம் உள்ளே போதாமல் ஆயிற்று. கல்லீரலை மாற்றுவது ஒன்றுதான் வழி என்றார்கள். நான் கொடுக்கிறேன் என்றேன். "நீ பத்தியம் இருந்த வரைக்கும் போதும். இது என் மொற" என்று சிரித்தீர்கள். வெட்டிக் கொடுத்தது உங்களுக்கு மறுபடி வளர்ந்ததும், "பல்லி வாலாட்டம் வளந்துடுச்சு பாருடி" என்று சட்டையைத் தூக்கி வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தழும்பைக் காட்டினீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். இப்போது ஒரு தரம் காட்டமாட்டீர்களா என்று இருக்கிறது.

வேப்பூரில் லாரி மோதி நீங்கள் போனபோது, ஈரல் கொடுத்த உடம்பு தாங்கவில்லை என்று கருமாதி வீட்டில் பேசிக்கொண்டார்கள். லாரிக்கு ஈரல் தெரியுமா என்று கேட்டேன்.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். தம்பி மனைவிக்குத் தட்டை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, சட்டம் இடத்தை அடைத்திருந்தது. "அதான் ஈரலே மாத்தியாச்சே அண்ணி. நோயி போயிடுச்சே" என்றாள். உங்கள் வார்த்தையைத்தான் சொன்னேன். நாம் பொம்மையைச் சரிசெய்தோம், அச்சை அல்ல. பாப்பா பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தப் பழுது ஒன்று கட்டாயம் போகும். பையனிடமும் இருந்தால் பிள்ளைக்கு நோய் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவனிடம் இல்லாமலும் இருக்கலாம், ரத்தத்தைச் சோதித்துவிட்டுப் பேசுவோம். பாப்பாவும் தம்பியிடம் அதையேதான் சொன்னாள், "யாரா இருந்தாலும் டெஸ்ட்டுக்கு அப்புறந்தான் மாமா" என்று.

தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. "எம்புள்ளைக்குக் கொறை இருக்குதான்னு சோதிக்கச் சொல்றியா? நாலு பேருக்குத் தெரிஞ்சா அவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்று எழுந்தான். அவனை இழக்கப் போகிறேன் என்று எனக்குப் பட்டது. டீசல் தூக்கியவனிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது?

அம்மா மூலையில் உட்கார்ந்திருந்தார். என்னை உங்களுக்குக் கொடுத்தவர், இந்தச் சம்பந்தத்தையும் ஆசைப்பட்டுக் கிளப்பிவிட்டவர். மெதுவாக எழுந்து வந்து சட்டத்தின் பீங்கான் கட்டையைப் பிடித்துக்கொண்டார். "எந்தம்பி ஈரல அறுத்துக் குடுத்துப் பொழைக்க வெச்ச புள்ள இது. நாளைக்கு இன்னொரு புள்ளைக்கு ஒன்ன அறுக்கச் சொல்லவா? ஒக்காருடா" என்றார்.

தம்பி உட்கார்ந்தான். சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள், தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு. வாசலில் செருப்பை மாட்டியபடி, "எந்த ஆஸ்பத்திரியில எடுக்கணும்க்கா?" என்று கேட்டான். முடிவு எப்படி வந்தாலும் வரட்டும், கேட்டானே, அது போதும்.

உங்களிடமிருந்து என்னிடம் ஒட்டிக்கொண்ட பழக்கம் ஒன்று இருக்கிறது. பாப்பா வேலைக்குக் கிளம்பும்போது முகவாயைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பி இமையை விலக்கிப் பார்ப்பேன். "விடும்மா, பஸ்ஸு போயிடும்" என்பாள். விடமாட்டேன்.

இன்றைக்கும் பார்த்தேன். உங்கள் ஈரல் ஒழுங்காக வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது மாமா. கண் வெள்ளையாக இருக்கிறது.