பட்டுப் புடவைக்கு அடியில்

அக்கா,

நேற்று தெருமுனைக் கடையில் அந்துருண்டை வாங்கினேன். காகிதத்தில் மடித்துக் கொடுத்த நாலே நாலு உருண்டை. அந்த வாசனை கையில் ஏறிக்கொண்டது. சோப்பு போட்டுக் கழுவியும் போகவில்லை. சோறு வடிக்கும்போதும் அதே வாசனை, துணி வெட்டும்போதும் அதே வாசனை. இன்றைக்குத் தையலை ஓரமாக வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சுனாமி வந்ததற்கு முந்தின வருஷம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த அந்த லைன் வீட்டில் ஆறு குடித்தனம், ஒரு குழாய். உன் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் ஒரே கம்பி மில்லில் வேலை. கொடியில் காயும் வெள்ளைத் துணியில் கரும்புள்ளியாக இரும்புத் தூசி படியும். நாம் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக நடந்து சபைக்குப் போவோம். யாருக்காவது ஜெபம் வேண்டுமென்றால் எல்லோரும் உன்னைத்தான் தேடுவார்கள். எளாவூரில் லாரி ஓட்டுகிறவர் மகளின் பரீட்சையிலிருந்து பாஸ்டர் அம்மாவின் முழங்கால் வலி வரைக்கும் உன் வாயில் வராத பேர் கிடையாது.

ஆனால் உன் வீட்டுக்குள் கால் வைக்க இடமிருக்காது. காலி ஹார்லிக்ஸ் பாட்டில், கழுவி மடித்த பால் பாக்கெட், பிடி உடைந்த பிளாஸ்டிக் பக்கெட், மூன்று வருஷத்துக் காலண்டர், யார் யாருடையதோ கல்யாணப் பத்திரிகை. எதைத் தொட்டாலும் ஒரே பதில்தான் சொல்வாய்: "நாளிக்கு வேணும்னா இன்னா பண்றது?"

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் வீட்டுக்கு வீடு ஜெபக்கூட்டம் நடக்கும். ஒவ்வொரு தடவையும் உன் முறை வரும்போது ஏதாவது சொல்லித் தள்ளிப்போட்டுவிடுவாய். அந்த வருஷம் பாஸ்டர் அம்மா விடவில்லை. "அடுத்த வெள்ளிக்கெயம உங்க ஊட்லதான்," என்று சபையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். பதினைந்து பேர் உட்கார வேண்டும். உன் கூடத்தில் இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாமவர் நிற்க வேண்டும்.

அன்றைக்கு வீடு திரும்பும் வழியில்தான் அந்த ஒப்பந்தத்தைப் போட்டாய்.

"எஸ்தரு, என் கை என் பொருள தூக்கிப் போடாது. உன் கை போட்ரும். நீ என் ஊட்ட காலி பண்ணு, நா உன் ஊட்ட காலி பண்றேன். ஆளுக்கு ஒரு நாளு. இன்னா சொல்ற?"

நான் சிரித்தேன். என் வீட்டிலும் மூன்று கோணி நிறையத் துண்டுத் துணி இருந்தது உனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை உன் வீட்டில் ஆரம்பித்தோம். பாட்டில்கள் போயின, பக்கெட் போயிற்று. ஒவ்வொன்றும் வாசலைத் தாண்டும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய். பத்திரிகைகளைக் கட்டும்போது மட்டும், "அந்தப் பொண்ணுக்கு இப்ப ரெண்டு கொயந்தடி," என்றாய். மத்தியானத்துக்குள் கூடத்துத் தரை தெரிந்தது. சிவப்புத் தரை. அதன் நிறத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

மிச்சம் பீரோதான். அதைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை முகத்தில் அடித்தது. கீழ்த்தட்டில் உன் கல்யாணப் பட்டுப் புடவை. அதைத் தூக்கினேன். அடியில் பழுப்பு உறை ஒன்று கிடந்தது. ஏதோ ரேஷன் காகிதம் என்று நினைத்துத்தான் பிரித்தேன். ஆஸ்பத்திரிச் சீட்டு. மார்பில் கட்டி இருக்கிறது, தாமதிக்காமல் சென்னைக்குப் போய்ப் பரிசோதிக்க வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். தேதியைப் பார்த்தேன். எட்டு மாதம் ஆகியிருந்தது.

"அக்கா, இன்னா இது?"

நீ ஓடி வந்து பிடுங்கினாய். "அத்த வெய்யி. அத்த நா ஆண்டவர் பாதத்துல வெச்சிட்டேன்."

"ஆண்டவர் பாதத்துலயா வெச்சிருக்க? பட்டுப் பொடவைக்கு அடியில இல்ல வெச்சிருக்க!"

யோசித்துச் சொன்னதில்லை அக்கா. பயத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது. உன் முகம் வெளுத்தது. அப்புறம் சிவந்தது. "வெளிய போடி," என்றாய். ஏழு வருஷப் பழக்கத்தில் அதுவரை நீ என்னை 'போடி' என்று சொன்னதில்லை. போய்விட்டேன்.

அன்று சாயங்காலமும் மறுநாளும் குழாயடியில் என்னைப் பார்க்காமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாய். உன் வீட்டுக்கார அண்ணனிடம் சொல்லிவிடலாமா என்று தவித்தேன். சொன்னால் உன்னை இழந்துவிடுவேன், சொல்லாவிட்டாலும் இழந்துவிடுவேன் என்று மனசு அடித்துக்கொண்டது. புதன்கிழமை மத்தியானம் வரைக்கும் பார்ப்பது, அதற்குமேல் அண்ணனிடம் சொல்லியே தீருவது என்று முடிவு செய்தேன்.

புதன்கிழமை காலையில் நீயே வந்தாய். கையில் துடைப்பம்.

"ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்," என்று மட்டும் சொல்லிவிட்டு என் கோணிகளைக் கொட்டினாய். கைத்துண்டு அளவில் இருந்ததை எல்லாம் மில்லில் மெஷின் துடைக்கக் கொடுக்கலாம் என்று தனியாகப் பிரித்தாய். திடீரென்று அந்தத் துணிக் குவியலுக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாய்.

"எட்டு மாசம் எஸ்தரு. ஊர்ல இருக்கிற எல்லாருக்கும் ஜெபம் பண்ணேன். இத்த மட்டும் சொல்லவேயில்ல. சொன்னா நெசமாயிடும்னு பயம். பாதத்துல வெச்சேன்னு சொன்னது பொய். அவருக்குக்கூடக் காட்டாம ஒளிச்சி வெச்சேன்."

"இப்ப சொல்லுக்கா."

நீ கண்ணை மூடினாய். உன் ஜெபம் எவ்வளவு நீளமாக, எவ்வளவு அழகாக இருக்கும்! அன்றைக்கு நீ சொன்னது இவ்வளவுதான்: "ஆண்டவரே, எனக்கு மார்ல கட்டி கீது. எனக்கு ரொம்ப பயமா கீது." ஆமென் என்று நான்தான் சொன்னேன். அப்புறம் அழுதோம். அதற்கப்புறம், சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், பசிக்குது என்றாய். பழைய சோற்றைப் பிழிந்து போட்டேன், ஊறுகாயோடு இரண்டு தட்டு சாப்பிட்டாய்.

அன்றைக்கே அண்ணனிடம் சொன்னாய். வெள்ளிக்கிழமை அந்தச் சிவப்புத் தரையில் பதினேழு பேர் உட்கார்ந்தார்கள். யார் யாருக்கு என்ன பாரம் என்று பாஸ்டர் அம்மா கேட்டபோது, முதல் ஆளாக எழுந்து நின்று சொன்னாய். மறு வாரம் லோக்கல் ரயிலில் சென்னைக்குப் போனோம். ஆபரேஷன், ஊசி, முடி கொட்டியது, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டே நீ சபைக்கு வந்தது எல்லாம் நடந்தது. கஷ்டம்தான் பட்டாய். விசுவாசம் இருந்ததால் வலிக்கவில்லை என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. நீயும் சொன்னதில்லை. ஆனால் ஐந்து வருஷம் கிடைத்தது. பழவேற்காடு பக்கம் அலை வந்து வீடு இழந்தவர்களுக்குச் சபையில் துணி சேர்த்தபோது பீரோவின் மூன்று தட்டையும் காலி செய்தாய். "பட்டு வேணாம்மா, அவங்களுக்குக் கட்டிக்கத்தான் வேணும்," என்று பாஸ்டர் அம்மா தடுத்தார். "அவங்க ஊட்லயும் கல்யாணம் நடக்கும் இல்ல?" என்று கேட்டாய்.

போன வருஷம் அது திரும்பி வந்தது. இந்த முறை ஒரு நாள்கூட ஒளிக்கவில்லை நீ.

அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து அண்ணன் கூப்பிட்டார். "எஸ்தரு, அவ சாமான எல்லாம் நீதாம்மா வந்து பாக்கணும். என்னால ஆவாது." இரண்டு கோணியும் கயிறும் எடுத்துக்கொண்டு, வர நேரமாகும் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன். அண்ணன் டீ போட்டுக் கொடுத்தார். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. நாலு புடவை, மூக்குக் கண்ணாடி, வேதப்புத்தகம், ஆஸ்பத்திரிக் காகிதங்கள் ஒழுங்காக வைத்த ஒரே ஒரு ஃபைல். கோணிகளை மடித்தபடியே திருப்பிக் கொண்டுவந்தேன். தொழிற்பேட்டை ரோட்டில் ஷிஃப்ட் முடிந்து வந்த ஜனங்களுக்கு நடுவில் நின்றுதான் அழுதேன்.

என் வீடு உன் வீடு மாதிரி ஆகவில்லை அக்கா. துண்டுத் துணி மறுபடியும் ஒரு கோணி சேர்ந்துவிட்டது. மில்லில் ஒரு ஷிஃப்டைக் குறைக்கப் போகிறார்கள் என்று இந்த மாதம் பேச்சு. இவர் வாயைத் திறப்பதில்லை. எனக்குத் தூக்கம் சரியில்லை. ஆனாலும் உன்னிடமிருந்து ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். முழங்கால் போட்டதும் என் பயம் எதுவோ அதை முதலில், பேர் சொல்லி, இரண்டே வரியில் சொல்லிவிடுகிறேன். ஊர் ஜனங்களுக்கெல்லாம் அதற்கப்புறம்தான் ஜெபிக்கிறேன்.

எஸ்தர்