பதினைந்தில் நின்ற எண்

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகளும் குழந்தையும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுத இன்று கை வரவில்லை. போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து எனக்குப் புத்தி சொல்வாய், காகிதம் என்றால் நான் முடிக்கிற வரைக்கும் நீ கேட்டுத்தான் ஆகவேண்டும், அதனால் எழுதுகிறேன். அக்கா புது வீட்டுக்குப் போயாகிவிட்டது. குளியலறைக் குழாய் ஒழுகுகிறதாம், மாப்பிள்ளை அதற்குத் துணி சுற்றிக் கட்டியிருக்கிறார், ஒரு வாஷர் மாற்றத் தெரியவில்லை. அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை.

நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் நடந்ததை அவர் உனக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறார். போன செவ்வாய் காலை இரண்டாம் ஆபரேஷன் தியேட்டரில் ஒரு பெண்ணுக்கு இடுப்பு மூட்டு மாற்றுவதாக இருந்தது. அந்த அறையிலிருந்து காற்று எப்போதும் வெளியேதான் தள்ள வேண்டும், வராந்தாக் காற்று உள்ளே வந்தால் திறந்த உடம்பில் கிருமி விழும். கீழே எங்கள் மெஷின் ரூமில் கம்ப்யூட்டர் திரை, அந்த அறையின் காற்றழுத்தம் பதினைந்து என்று பச்சையில் காட்டிக்கொண்டிருந்தது. நான் செவ்வாய்தோறும் செய்கிற மாதிரி மேலே போய், மூடிய கதவின் அடியில் டிஷ்யூத் துண்டைப் பிடித்தேன். காற்று அதை உள்ளே இழுத்தது. இந்த அறையில் ஆபரேஷன் வேண்டாம் என்றேன். டாக்டர், “டிஷ்யூ பேப்பரைக் கேட்டுட்டா நான் கத்தி எடுக்கணும்?” என்று கத்தினார். மேனேஜர், “திரை பச்சையா இருக்கும்மா, கண்ணு தெரியலையா?” என்றார். கதவை மறித்து நின்றேன், நகரவில்லை. கடைசியில் அந்தப் பெண்ணை வேறு தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள், சாயங்காலம் எனக்கு மெமோ வந்தது. அப்போதுதான் நீ போனில், “மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்துப் போட்டுடும்மா, ரிட்டயராக ஏழு மாசம்தானே இருக்கு, திரை பொய் சொல்லாதும்மா” என்றாய். அந்த மாதிரித் திரைகளைச் செய்கிற கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு சொன்னாய். பாய்லர் ரூமைக் கூட்டப் போனவள், துடைப்பத்தைச் சாத்திவிட்டு மீட்டர் பார்க்கப் பழகி, யாரும் சொல்லிக்கொடுக்காமல் நாற்பது வயதில் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவள் உன் அம்மா என்பது உனக்கு மறந்துபோயிற்று.

வெள்ளிக்கிழமை, காற்று மெஷினைச் செய்த கம்பெனியின் ஆள் வந்து அதைத் திறந்தான். உள்ளே காற்றைத் தள்ளுகிற விசிறியின் பெல்ட் தேய்ந்து வழுக்கிக்கொண்டிருந்தது. ஆக நான் சொன்னது சரி. திரை ஏன் பச்சை என்பதையும் அவனே கண்டுபிடித்தான். ஃபில்டர் மாற்ற விசிறியை நிறுத்தினால் அலாரம் காதைக் கிழிக்கும், அதனால் திரையில் ஒரு எண்ணை நாங்களே அடித்துப் பூட்டி வைப்போம், வேலை முடிந்ததும் விடுவிக்க வேண்டும். ஒன்பது நாளாக யாரும் விடுவிக்கவில்லை. எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு, யார் பூட்டியது என்று கம்ப்யூட்டருக்கே தெரியாது. லாக் புத்தகத்தில் ஃபில்டர் வேலையை முடித்ததாகக் கையெழுத்துப் போட்டிருந்தது வழுக்கையர், எனக்கு அடுத்த ஷிப்ட்டில் வருகிறவர். சனிக்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, முதல்முறையாக உட்காரவைத்து, ஒரு காகிதத்தை நீட்டினார். ஷிப்ட் மாறும்போது எல்லாவற்றையும் சொல்லி ஒப்படைத்தேன் என்று அதில் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டால் என் மெமோ ரத்து, வழுக்கையருக்கு வேலை போய்விடும்.

உனக்கு ஒன்று சொல்லவேண்டும். அந்த எண்ணைப் பூட்டியது நான். வேலையைத் தொடங்கியது நான், பாதியில் என் ஷிப்ட் முடிந்தது, மீதியை அவர் முடித்தார். நானும் அவரும் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. எல்லார் முன்னாலும், “கூட்ட வந்தவளுக்குக் குழாயைப் பத்தி என்ன தெரியும்?” என்று அவர் கேட்ட நாளோடு பேச்சை விட்டேன். சொல்ல வேண்டியதை எழுதி வைத்துவிட்டுப் போவது வழக்கம். அன்று அவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், எரிச்சலில் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எழுதவில்லை.

மேனேஜர் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன் என்பதை மறைக்கமாட்டேன். கண்ணாடிக்கு அப்பால் அவர் பெஞ்சில் சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அந்த ஆளைத் தொலைத்துக்கட்ட இதைவிட நல்ல நாள் வராது என்றுதான் நினைத்தேன். ஆனால் காலையில் சிஸ்டரிடம் கேட்டிருந்தேன், நான் பூட்டிய நாளுக்கும் அந்தச் செவ்வாய்க்கும் நடுவில் அந்த அறையில் ஏழு பேருக்கு ஆபரேஷன் நடந்திருக்கிறது. ஒருவருக்குத் தையலில் சீழ் வைத்திருக்கிறது. காற்றினால்தானா என்று யாராலும் சொல்லமுடியாதாம். லாக் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, எண்ணைப் பூட்டியது நான், சொல்லாமல் போனதும் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர், “உங்களை யாரும்மா கேட்டாங்க?” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். வெளியே வந்தபோது வழுக்கையர் எழுந்து நின்றார். நன்றி சொல்லப்போகிறார், சொன்னால் மூஞ்சியில் அடித்த மாதிரி ஒன்று சொல்லவேண்டும் என்று தயாராக இருந்தேன். “ஒரு வரி எழுதியிருக்கலாம்ல?” என்றார். பதினோரு வருஷத்துக்கு அப்புறம் அந்த ஒன்றுதான். நான் நடந்துவிட்டேன்.

புதன்கிழமை விசாரணை. லைசென்ஸ் போகலாம். அப்பா நேற்றிலிருந்து, “கிறுக்கச்சி, கிறுக்கச்சி” என்று சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறார். நீயும் அதையே சொல்வாய் என்றால் போன் செய்யாதே. நான் கதவை மறித்தது சரி, அதற்கு எவனிடமும் மன்னிப்புக் கேட்கமாட்டேன். மற்றதற்கு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

குழந்தைக்கு என் முத்தங்கள். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்கவேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. நாளைக்கே உன் ஆபீசில் சொல், ஆள் கையால் பூட்டிய எண்ணைப் பச்சையில் காட்டாதீர்கள், வேறு எந்த நிறத்திலாவது காட்டுங்கள் என்று. யார் சொன்னது என்று கேட்டால் கூட்ட வந்தவள் சொன்னாள் என்று சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா