ரயில் வருகிற பூமி

சத்தியமங்கலம்,
4.3.1996

அன்புள்ள சாந்தாமணிக்கு,

நலம். உன் நலமும் உன் அண்ணன் வீட்டார் நலமும் அறிய ஆவல். நம் ஊர் ரயிலுக்கு மறுபடியும் சர்வே வருகிறது. ரயில் கேட்கும் ஊர்க் கமிட்டி மனுவுக்கு இந்தப் பாதையின் சரித்திரத்தை நான்தான் எழுதுகிறேன். வெள்ளைக்காரன் அளந்தது, அப்பா காலத்தில் அளந்து கல் நட்டது என்று பதினாறு பக்கம் வந்துவிட்டது. பக்கத்துப் பூமி லட்சுமணசாமி மகளுக்கு வீடு கட்டுகிறார். நம் பூமியில் நிற்கும் ரயில் கல்லைப் பார்த்து என்மேல் பரிதாபப்படுகிறார். எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இனியாவது கிளம்பி வா, கண்ணு.

உன்,
திருமூர்த்தி

ஆர்.எஸ்.புரம்,
11.3.1996

மாமாவுக்கு,

நீங்கள் சரித்திரம் எழுதுங்கள், நான் அதில் வாழ்ந்தே பார்த்துவிட்டேன். "ரயிலு வந்தா இடிச்சுப்போடுவாங்க அம்மணி" என்று சொல்லிச் சொல்லியே கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் ஒரு செங்கல் வைக்கவில்லை. ஓலைச் சாளை ஒழுகும்போதெல்லாம் பாத்திரத்தை நகர்த்தி நகர்த்தி வைத்தது நான். இங்கே பட்டுக் கடையில் நாள் முழுக்க நின்று கால் வலிக்கிறது, ஆனாலும் தலைமேல் கூரை இருக்கிறது. அந்தக் கல்லைப் பற்றி வேறு ஏதாவது சொல்ல இருந்தால் எழுதுங்கள்.

சாந்தாமணி

சத்தியமங்கலம்,
2.4.1996

சாந்தாமணி,

சர்வேக்காரர்கள் வந்தார்கள். பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு நேராக லட்சுமணசாமி பூமிக்குள் நடந்தார்கள். அவர் வெளியூர் போயிருந்தார். நம் பூமியில் நிற்பதைக் காட்டி, "இந்தக் கல்லு எப்படிங்க இங்க வந்துச்சு?" என்று ஒருவர் கேட்டார். தெரியாது என்றேன். அளந்துகொண்டு போய்விட்டார்கள்.

நான் சொன்னது பொய். அதை லட்சுமணசாமி பூமியிலிருந்து பிடுங்கி நம் பூமியில் நட்டது நான்தான். கல்யாணத்துக்கு முன் உன் வீட்டார் நம் பூமி பார்க்க வந்தார்களே, அன்று விடியற்காலை. ரயில் வருகிற பூமி, விலை ஏறும் என்றால் உன் அப்பா சம்மதிப்பார் என்று ஆசை. லட்சுமணசாமி அப்போது திருப்பூர் மில்லில் இருந்தார், பூமி தரிசாகக் கிடந்தது. பிறகு, ரயில் வருகிற பூமியில் வீடா என்று ஊர் கேள்வி கேட்குமே என்று பயந்தேன். வருஷம் போகப்போக நானே நம்பிவிட்டேன். என்னை மன்னித்துவிடு. நாளைக்கே கடைக்கால் தோண்டுகிறேன்.

திருமூர்த்தி

ஆர்.எஸ்.புரம்,
9.4.1996

அன்புள்ள மாமாவுக்கு,

படித்துவிட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். அன்றைக்கே எங்கப்பா, "கல்லைச் சுத்திப் புது மண்ணா இருக்குது, இந்த இடம் வேண்டாம் கண்ணு" என்றார். எனக்கு உங்களைப் பிடித்துப்போயிற்று. நான்தான் அவர் வாயை அடைத்தேன். நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். நான் கோபித்துக்கொண்டு வந்தது வீட்டுக்காக மட்டும் இல்லை.

இன்னும் ஒரு வேலை இருக்கிறது. லட்சுமணசாமி அண்ணன் தன் மகள் வீட்டுக்குக் கூரை போடுவதற்குள் அவரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டேன் என்று ஒரு கார்டு போடுங்கள், மறுநாள் சத்தி பஸ்ஸில் வாரேன்.

உங்கள்,
சாந்தாமணி

ஆர்.எஸ்.புரம்,
20.5.1996

மாமாவுக்கு,

கார்டு வரவில்லை. தினமும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் நின்றேன்.

இன்று லட்சுமணசாமி அண்ணன் எங்கள் கடைக்கு வந்தார், மகள் புது வீடு புகும் புண்ணியார்ச்சனைக்குப் பட்டு எடுக்க. கூரைக்குக் கான்கிரீட் போட்டாயிற்றாம். "ரயிலு அவரு பூமியோடதான் போகுதுன்னு திருமூர்த்தி நேத்துக்கூடச் சொன்னாருங்க அம்மணி. நாங்க தப்பிச்சோம்" என்று சிரித்தார்.

புடவையை மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் எடுத்த பட்டை அப்படியே வைத்துவிட்டு பஸ் ஏறப் போய்விட்டார்.

இந்தக் கடிதம் வருவதற்குள் அவர் உங்கள் வாசலுக்கு வந்திருப்பார். உட்காரச் சொல்லி, கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். எனக்கு எழுத வேண்டாம்.

சாந்தாமணி