கரண்டியில் ஏறிய குஞ்சு

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

பால்கனியில் துணிக் கிளிப்புகள் போடும் கூடையில் ஒரு புறா இரண்டு குஞ்சுகள் பொரித்திருக்கிறது. நேற்று ஒரு குஞ்சு தரையில் விழுந்துவிட்டது. மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பாயே, அதை நான் என்றுமே நம்பியதில்லை. ஆனாலும் சோற்றுக் கரண்டியால்தான் எடுத்துக் கூடையில் வைத்தேன்.

"இவ்வளவு படிச்சிட்டு கரண்டியா, அக்கா?" என்று அறைத்தோழி சிரித்தாள்.

"எங்கம்மாவுக்கு நீயா பதில் சொல்லுவ?" என்றேன்.

ஒரு மணி நேரம் கதவிடுக்கில் நின்றேன். தாய் வந்தது, இரண்டுக்கும் ஊட்டியது. கரண்டியால்தான் பிழைத்தது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிடாதே.

இந்தக் கரண்டி இனிச் சோற்றுக்கு உதவாது. யாராவது வந்தால் ஒன்று கொடுத்தனுப்பு. புதிது வேண்டாம், நீ பரிமாறுவதையே அனுப்பு.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன் மகள்